இளமை இன்னலை எழுத்தாக்குவது எப்படி: டிக்கன்ஸின் ஆறு பொட்டலங்கள்

தமிழில் எழுத்தாளர்களைப் பற்றியும் அறிஞர்களைப் பற்றியும் வரும் வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு தெருவிளக்கு தவறாமல் எரிந்துகொண்டிருக்கும். அதன் அடியில் ஒரு சிறுவன் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பான். அடுத்த பத்தியில் அவன் பெரிய மனிதனாகிவிடுவான். அந்த விளக்கடிக்கு வர அவன் எவ்வளவு தூரம் நடந்தான், அன்றிரவு என்ன சாப்பிட்டான், அவன் வீட்டில் ஏன் விளக்கில்லை என்பன அந்தக் குறிப்பில் இரா. தம் இளமைக்கால இன்னல்களை எழுத விரும்புவோரில் பலர் தம் கதையையும் இந்த அச்சிலேயே வார்த்துவிடுகிறார்கள். அதனால் உண்மையாகப் பட்ட துன்பம்கூடப் படிப்பவர்க்கு எங்கோ கேட்ட கதையாகிவிடுகிறது.

இதை வேறு விதமாகச் செய்வதற்கு ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் வாழ்க்கையே எனக்குத் தெரிந்தவற்றுள் சிறந்த பாடம். ஒரே துன்பத்தை அவர் இருமுறை எழுதினார். முதலில் அச்சுக்குக் கொடுக்காத தன்வரலாற்றுக் குறிப்பாக எழுதினார். பிறகு ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ நாவலுக்குள் வைத்து எழுதினார். இரண்டும் இன்று நமக்குக் கிடைப்பதால், அவர் எதை வைத்துக்கொண்டார், எதை மாற்றினார் என்பதைப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்க முடிகிறது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிக்கன்ஸ் 1812ஆம் ஆண்டு பிப்ரவரி 7 அன்று போர்ட்ஸ்மத் நகரில் பிறந்தார். தந்தை ஜான் டிக்கன்ஸ் கடற்படையின் சம்பள அலுவலகத்தில் எழுத்தர். நல்ல உத்தியோகம்தான், ஆனால் வரவுக்குள் வாழத் தெரியாதவர். குடும்பம் 1822இல் லண்டனுக்கு வந்தது, கடன் பெருகியது, வீட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாக அடகுக்கடைக்குப் போயின. பன்னிரண்டு வயது நிறைந்த இரண்டாம் நாள், தேம்ஸ் நதிக்கரையில் ஹங்கர்ஃபோர்ட் படித்துறையை ஒட்டியிருந்த ஒரு பூட்ஸ் பாலிஷ் கிடங்கில் சிறுவன் வேலைக்குச் சேர்ந்தான். அதே மாதம் 20ஆம் தேதி, ரொட்டிக்கடைக்காரர் ஒருவருக்கு 40 பவுண்டு 10 ஷில்லிங் பாக்கி வைத்ததற்காகத் தந்தை கைது செய்யப்பட்டு, மார்ஷல்சீ என்னும் கடன்காரர் சிறையில் அடைக்கப்பட்டார். தாயும் இளைய பிள்ளைகளும் அந்தச் சிறைக்குள்ளேயே குடிபோனார்கள். சார்லஸ் மட்டும் வெளியே ஒரு வாடகை அறையில் தங்கி வேலைக்குப் போய்வந்தான்.

உணர்ச்சியை விட்டுவிட்டுப் பொருள்களை எழுதுங்கள்

முதல் வேலை ஒரு பட்டியல் தயாரிப்பது. ‘வறுமை’, ‘வேதனை’, ‘போராட்டம்’ என்ற சொற்களுக்கு அதில் இடமில்லை. கையில் தொட்டவை, விலை கொடுத்து வாங்கியவை, வாங்க முடியாமல் திரும்பியவை, அவற்றின் விலை, நேரம், தூரம் ஆகியவை மட்டும் இடம்பெற வேண்டும்.

டிக்கன்ஸின் குறிப்பைப் பாருங்கள். பாலிஷ் நிரப்பிய சிறு சாடிகளின் வாயை முதலில் எண்ணெய்த் தாளாலும், அதன் மேல் நீலத் தாளாலும் மூடி, நூலால் சுற்றிக் கட்டி, தாளின் ஓரத்தைச் சுற்றிலும் ஒழுங்காக வெட்டிவிட்டு, கடைசியில் பெயர்ச்சீட்டை ஒட்ட வேண்டும் என்று தன் வேலையைப் படிப்படியாகச் சொல்கிறார். கட்டடம் இற்றுப்போனது என்பதோடு நிற்காமல், கீழே எலிகள் கிறீச்சிட்டுக்கொண்டு ஓடியதையும் எழுதுகிறார். வாரக்கூலி முதலில் ஆறு ஷில்லிங், பிறகு ஏழு என்று நினைவு என்கிறார். அந்தக் கூலி சனிக்கிழமைக்கு முன்பே தீர்ந்துவிடாதிருக்க, காசை ஆறு சம பங்குகளாகப் பிரித்து, ஆறு சிறு பொட்டலங்களாக மடித்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கிழமையின் பெயரை எழுதி வைத்துக்கொண்டதாகச் சொல்கிறார்.

பன்னிரண்டு வயதுச் சிறுவன் தானே தன் குடும்பத்தலைவனாகிவிட்டான் என்பதை இதைவிட எப்படிச் சொல்வது? அந்த ஆறு பொட்டலங்களைப் படித்தவர்க்கு ‘அநாதையைப் போல உணர்ந்தேன்’ என்ற வாக்கியம் தேவைப்படாது. அதோடு, ஒழுங்காகப் பிரித்து வைத்த அதே சிறுவன், காலையில் வேலைக்குப் போகும் வழியில் கடைவாசலில் பாதி விலைக்கு வைத்திருந்த பழைய பலகாரத்தைக் கண்டு மனம் பொறுக்காமல், மதியச் சாப்பாட்டுக் காசில் அதை வாங்கித் தின்றுவிடுவதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். கட்டுப்பாடும் அதன் தோல்வியும் ஒருங்கே வரும்போதுதான் அங்கே உண்மையான குழந்தை ஒன்று நிற்கிறது. நம்மவர் எழுதும் குறிப்புகளில் பொட்டலம் வரும், பலகாரம் வராது.

உங்கள் பட்டியலில் அடகுச்சீட்டில் எழுதியிருந்த தொகை, ரேஷன் கடை வரிசையில் நிற்க எழுந்த நேரம், மளிகைக் கடைப் பற்று நோட்டின் அட்டை, பள்ளிக் கட்டணம் கட்டாததற்காக வகுப்புக்கு வெளியே நின்ற நாளில் கண்ணெதிரே இருந்த சுவர் போன்றவை இருக்கட்டும். நினைவில்லாததைப் புனைந்து நிரப்ப வேண்டாம். டிக்கன்ஸ் தாம் அங்கே எவ்வளவு காலம் வேலை செய்தோம் என்பதே தமக்குத் தெரியவில்லை, ஓராண்டா, கூடவா, குறைவா என்று சொல்ல முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். காசுக் கணக்கு துல்லியமாக இருக்கிறது, காலக்கணக்கு மறந்துபோயிருக்கிறது. முடிவு தெரியாத துன்பத்தில் இருக்கும் குழந்தைக்குக் காலம் அப்படித்தான் இருந்திருக்கும். ஆகவே மறதியையும் மறதியாகவே எழுதலாம்.

பட்டியல் முடிந்தபின் எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங் என்ற அக்காலக் கணக்கில், தந்தையைச் சிறையில் தள்ளிய கடன் 810 ஷில்லிங். சிறுவனின் தொடக்கக் கூலி வாரம் ஆறு ஷில்லிங். ஒரு காசுகூடச் செலவழிக்காமல் உழைத்திருந்தாலும் அந்தக் கடனை அடைக்க 135 வாரங்கள், அதாவது இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும். உங்கள் வீட்டின் கடனையும் உங்கள் வீட்டுக் கூலியையும் இப்படி வகுத்துப் பார்த்தால், எழுத வேண்டியதன் அளவு சட்டென்று கண்ணுக்குத் தெரியும்.

துன்பம் எழுதக் கற்றுக்கொடுக்காது

கஷ்டப்பட்டவன் நன்றாக எழுதுவான் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நான் அதை ஏற்பதில்லை. கிடங்கிலிருந்து வெளியே வந்த டிக்கன்ஸுக்கும், 1836இல் ‘பிக்விக்’ என்ற நாவல் தொடரால் நாடறிந்தவரான டிக்கன்ஸுக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுத் தொழிற்பயிற்சி இருக்கிறது. பள்ளியில் மீண்டும் சில ஆண்டுகள் படித்தார்; பதினைந்து வயதில் வழக்குரைஞர் அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தார்; சுருக்கெழுத்தைத் தாமாகவே கற்றார்; நீதிமன்றத்திலும் பிறகு நாடாளுமன்றத்திலும் செய்தியாளராக அமர்ந்து, பேசுவோரின் சொல்லையும் தடுமாற்றத்தையும் நாளெல்லாம் குறித்தெடுத்தார். தேர்தல் கூட்டங்களின் பேச்சைப் பதிவுசெய்துவிட்டு, இரவில் பாய்ந்தோடும் குதிரை வண்டிக்குள், கைவிளக்கின் வெளிச்சத்தில், உள்ளங்கையில் தாளை வைத்துக்கொண்டு அச்சகத்துக்கு எழுதிய நாள்களைப் பிற்காலத்தில் ஒரு சொற்பொழிவில் பெருமையோடு நினைவுகூர்ந்தார். விளக்கொளிக் காட்சி வேண்டுமென்று அடம்பிடிப்பவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். இதில் சிறுவன் படிக்கவில்லை, இளைஞன் கெடுவுக்குள் வேலையை முடிக்கிறான்.

முதல் கதை 1833 டிசம்பரில் ஓர் இதழில் வெளிவந்தது. அதற்குப் பணம் கிடைக்கவில்லை. அந்தக் கதையிலோ, அடுத்துவந்த லண்டன் சித்திரங்களிலோ கிடங்கு வேலையைப் பற்றிய நேர்ப்பேச்சு இல்லை. தம் பெரிய துன்பத்தை முதல் நூலிலேயே செலவழித்துவிட வேண்டும் என்று துடிக்கும் புதிய எழுத்தாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதலில் சந்தைத் தெருவையும், பக்கத்து வீட்டாரையும், பேருந்தில் கேட்ட உரையாடலையும் எழுதிப் பழகுங்கள். கை தேறியபின் அந்தப் பெட்டியைத் திறக்கலாம்.

ஒருவரிடம் சொல்லுங்கள், உடனே அச்சுக்குக் கொடுக்காதீர்கள்

டிக்கன்ஸ் தம் கிடங்கு நாள்களைப் பற்றி வாய் திறக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதுவும் தானாக நடக்கவில்லை. நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் 1847இல் ஒரு நாள் பேச்சுவாக்கில், உங்கள் தந்தையின் பழைய நண்பர் ஒருவர் உங்களைச் சிறுவயதில் ஸ்ட்ராண்ட் வீதிக்கருகே ஒரு கிடங்கில் பார்த்து, கையில் அரைக் கிரவுன் நாணயம் ஒன்றைக் கொடுத்ததாகவும், நீங்கள் தலைதாழ்த்தி வணங்கியதாகவும் சொன்னாரே என்று கேட்டுவிட்டார். டிக்கன்ஸ் பல நிமிடங்கள் பேசவில்லை. சில வாரங்களுக்குப் பிறகு அவரே பேச்செடுத்தார். அதன் தொடர்ச்சியாக எழுத்தும் வந்தது. மனைவி உட்பட யாரிடமும் இதற்கு முன் சொன்னதில்லை என்று அந்தக் குறிப்பிலேயே எழுதினார். புகழின் உச்சியில் இருந்தபோதும், தமக்கு மனைவி மக்கள் இருப்பதையே கனவில் மறந்து, அந்த நாள்களுக்குள் தனியாக அலைவதாகவும் சொன்னார். அவர் 1870இல் மறைந்தபின் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவந்தபோதுதான் ஊருக்கு உண்மை தெரிந்தது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முறை இது: முதல் வரைவை நம்பத்தகுந்த ஒரே ஒருவருக்காக எழுதுங்கள். அவர் உங்கள் பேச்சில் குறுக்கிடாதவராக இருந்தால் போதும், இலக்கியவாதியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பலர் படிக்கப்போகிறார்கள் என்ற நினைப்பு வந்த கணமே மனம் நமக்குச் சாதகமாகத் திருத்தத் தொடங்கிவிடும். தியாகியாக நிற்கும் ஆசை வரும். ஒருவருக்கு எழுதும்போது அந்த நடிப்புக்கு இடம் குறைவு. எழுதியதை மூடி வைத்துவிட்டுச் சில மாதங்கள் கழித்து எடுத்துப் படிக்கும்போது, எந்த வரியில் இன்னமும் வலிக்கிறது, எந்த வரி வெறும் புலம்பல் என்பது பிரிந்து தெரியும்.

எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது

‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ 1849 மே முதல் 1850 நவம்பர் வரை மாதத் தொடராக வந்தது. குறிப்பையும் நாவலையும் ஒப்பிட்டால் நுட்பமான ஒரு தேர்வு தெரிகிறது. சிறு விவரங்களை டிக்கன்ஸ் ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொள்கிறார்: திராட்சை நிறைந்த விலையுயர்ந்த புட்டிங் விற்கும் கடை ஒன்று, கனத்த மாவுக்குள் திராட்சை எட்டத்துக்கு ஒன்றாகப் பதிந்திருக்கும் மலிவான கடை மற்றொன்று, மதுக்கடைக்குள் போய்ப் பெரிய மனிதனைப் போல ஆகச் சிறந்த ஏல் (ஒரு வகை பீர்) வேண்டும் என்று சிறுவன் கேட்பது, கடைக்காரரின் மனைவி இரக்கம் மேலிட்டு அவனை முத்தமிடுவது எல்லாம் நாவலிலும் உண்டு. மாறியவை பெரிய எலும்புகள். பாலிஷ் சாடி, மதுப் புட்டியாயிற்று. பெற்றோர் இருந்தும் கைவிடப்பட்ட சிறுவன், தாய் தந்தை இருவரையும் இழந்த சிறுவனானான். வேலைக்கு அனுப்பிய குற்றம் கொடிய மாற்றாந்தந்தையிடம் போய்ச் சேர்ந்தது.

இந்த மாற்றத்தால் ஓர் அற்புதம் நிகழ்ந்தது. தந்தை என்ற பொறுப்பிலிருந்து விடுபட்ட ஜான் டிக்கன்ஸ், டேவிட் குடியிருக்கும் வீட்டுக்காரரான மிக்காபராக நாவலுக்குள் நுழைகிறார். கடனில் மூழ்கியவர், ஆடம்பரமாகப் பேசுபவர், சிறைக்குப் போகும்போது உலகமே முடிந்தது என்று அழுதுவிட்டு, சற்று நேரத்தில் உற்சாகமாகிவிடுபவர். ஆண்டுக்கு இருபது பவுண்டு வரவிருந்து, பத்தொன்பது பவுண்டுச் சொச்சம் செலவழித்தால் இன்பம், இருபதுக்கு மேல் ஆறே பென்ஸ் கூடினாலும் துன்பம் என்ற மிக்காபரின் புகழ்பெற்ற கணக்கு, சிறையில் தந்தை மகனுக்குக் கண்ணீரோடு சொன்ன அறிவுரையின் சாயல். மகனாக இருந்து மன்னிக்க முடியாத ஒருவரைக் குடித்தனக்காரனாக நின்று நேசிக்க முடிந்தது. உங்கள் கதையில் பேனா நகராமல் நிற்கும் இடம் பெரும்பாலும் உறவுமுறையில் இருக்கும். அப்பாவைப் பெரியப்பாவாக்கிப் பாருங்கள். உங்களைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையாக்கிப் பாருங்கள். விலையையும் வாசனையையும் மட்டும் மாற்றாதீர்கள்.

குற்றம் சாட்டப்படுபவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

டிக்கன்ஸ் தவறிய இடங்களும் நமக்குப் பாடம்தான். தந்தை சிறையிலிருந்து 1824 மே மாத இறுதியிலேயே விடுதலையானார். ஆனால் மகனின் வேலை தொடர்ந்தது. கிடங்கு வேறு தெருவுக்கு மாறியபின் சிறுவர்கள் சன்னலோரம் அமர்ந்து வேலை செய்தார்கள். அவர்களுடைய கைவேகத்தை வழிப்போக்கர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு நாள் தந்தையும் அங்கே வந்து நிற்பதைக் கண்ட மகன், அவரால் இதை எப்படித் தாங்க முடிகிறது என்று வியந்தான். பின்னர் தந்தை கிடங்கின் பொறுப்பாளரான உறவினரோடு சண்டையிட்டு மகனை வெளியே கொண்டுவந்தார். தாயோ சமாதானம் பேசி மீண்டும் வேலைக்கு அனுப்ப முயன்றார். தாய் அப்படி விரும்பியதைத் தம்மால் மறக்கவே முடியாது என்று டிக்கன்ஸ் அழுத்தி அழுத்தி எழுதினார். ‘நிக்கலஸ் நிக்கில்பி’ நாவலில் வரும் அசட்டுத் தாயின் சாயல் அவருடையதே.

அந்தத் தாயின் பக்கம் நின்று பாருங்கள். கணவர் சிறைக்குப் போவதற்கு முன்பே அவர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, வாசலில் பித்தளைப் பலகை மாட்டி, பள்ளிக்கூடம் நடத்த முயன்றார். ஒரு பிள்ளைகூட வந்து சேரவில்லை. கைக்குழந்தைகள், கடன்காரர்கள், கணக்கறியாத கணவர் என்ற நிலையில் வாரம் ஆறேழு ஷில்லிங் அவருக்கு என்னவாக இருந்திருக்கும்? கடனை வாங்கியவர் மிக்காபராகி மக்களின் அன்பைப் பெற்றார். கடனுக்கு நடுவே அடுப்பெரித்தவர் கேலிக்கு உள்ளானார். இது நம் வீடுகளிலும் நடப்பதே. ஆகவே வரைவை முடிக்கும் முன், நீங்கள் யாரை அதிகமாகக் குறைசொல்லியிருக்கிறீர்களோ அவர் பேசுவதாகத் தனியே ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அதை வெளியிட வேண்டியதில்லை. அதை எழுதியபின் மற்றப் பக்கங்களின் தொனி தானே மாறும்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். கிடங்கில் முதல் நாள் நூல் கட்டும் நுணுக்கத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்த சிறுவனின் பெயர் பாப் (ராபர்ட்) ஃபேகின். விலாவலியால் டிக்கன்ஸ் துடித்த நாளில், காலிப் பாலிஷ் புட்டிகளில் வெந்நீர் நிரப்பி அரைநாள் ஒத்தடம் கொடுத்தவனும் அவனே. ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலில் சிறுவர்களைத் திருடப் பழக்கும் கிழவனுக்கு டிக்கன்ஸ் வைத்த பெயர் ஃபேகின். அந்த நட்பை ஏற்றால் தாமும் கிடங்குப் பையன்தான் என்றாகிவிடும் என்ற அச்சம் சிறுவனுக்கு இருந்தது என்பது என் ஊகம். உதவி செய்தவர்களின் உண்மைப் பெயரை நன்றிக்கே பயன்படுத்துங்கள்.

தன் கதையிலிருந்து பிறர் கதைக்கு

ஊக்கமளிக்கும் வாழ்க்கை என்று டிக்கன்ஸினுடையதைச் சொல்வதற்கு அவருடைய புகழும் செல்வமும் காரணமாகா. தம்மைப் போன்ற பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று அவர் தேடிக்கொண்டே போனார். சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலை செய்த குழந்தைகளைப் பற்றிய அரசு விசாரணைக் குழுவின் அறிக்கையை 1843இல் படித்துவிட்டு, ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு துண்டு வெளியீடு எழுத முடிவுசெய்தார். அதே ஆண்டு லண்டனில் ஏழைச் சிறுவர்க்கான இலவசப் பள்ளி ஒன்றை நேரில் போய்ப் பார்த்தார். பிறகு மனம் மாறி, வெளியீட்டைக் கைவிட்டு ஒரு கதையை எழுதினார். அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் வெளிவந்த அந்தக் கதைதான் ‘கிறிஸ்துமஸ் கீதம்’. பெரும் செல்வரான ஏஞ்செலா பர்டெட் கூட்ஸுடன் சேர்ந்து, சிறையிலிருந்தும் தெருவிலிருந்தும் வந்த பெண்களுக்காக 1847இல் ஓர் இல்லத்தையும் தொடங்கினார். தந்தை அடைபட்டிருந்த மார்ஷல்சீ மூடப்பட்டுப் பதினைந்து ஆண்டுகள் நெருங்கும் வேளையில், ‘லிட்டில் டோரிட்’ நாவலில் அந்தச் சிறையை மீண்டும் எழுப்பிக் காட்டினார்.

எனவே உங்கள் பட்டியலை எடுத்துக்கொண்டு, அதே பொருள்கள் இன்று யார் கையில் இருக்கின்றன என்று போய்ப் பாருங்கள். நீங்கள் வேலை செய்த பட்டறையில் இன்று யார் உட்கார்ந்திருக்கிறார்கள், கூலி என்ன, எத்தனை மணிக்கு விடுகிறார்கள்? கட்டுரையின் பாதி அங்கிருந்து வர வேண்டும். இல்லையேல் அது என்னதான் நேர்த்தியாக இருந்தாலும், வென்றவர் தம் வெற்றிக்கு எழுதிக்கொண்ட முன்னுரையாகவே நிற்கும்.

அதிர்ஷ்டத்தையும் எழுத மறக்காதீர்கள். டிக்கன்ஸ் வெளியே வந்தது தந்தையின் ஒரு சண்டையால். கிடங்குக்குப் போகும் முன்பே, சாத்தம் ஊர் வீட்டு மாடியறையில் தந்தை வைத்திருந்த நாவல்களையெல்லாம் படித்து முடித்திருந்தார்; அது மற்றச் சிறுவர்களுக்கு வாய்க்கவில்லை. அதே நீலத் தாளை வெட்டிக்கொண்டிருந்த பாப் ஃபேகின் எந்த நூலையும் விட்டுச்செல்லவில்லை.

கடைசியாக, எதை எழுதுவதற்குக் கை மிகவும் கூசுகிறதோ அதற்கு ஓர் இடம் விட்டுவையுங்கள். விலாவலி வந்த அந்த நாளின் மாலையில், பாப் தன் நண்பனைத் தனியே அனுப்ப மனமின்றி வீடுவரை கொண்டுவிடுவதாகச் சொல்லிக் கூடவே நடந்தான். தந்தை சிறையில் இருப்பதைச் சொல்ல சார்லஸுக்கு நா எழவில்லை. பலமுறை விடைபெற முயன்றும் பாப் விடவில்லை. கடைசியில் சார்லஸ் சதர்க் பாலத்துக்கு அருகே, முன்பின் தெரியாத ஒரு வீட்டின் படியில் நின்று, இதுதான் என் வீடு என்று கைகுலுக்கி அனுப்பினான். பாப் திரும்பிப் பார்த்தாலும் பார்ப்பான் என்று கதவையும் தட்டினான். ஒரு பெண் வந்து திறந்தாள். இது திரு. ராபர்ட் ஃபேகினின் வீடா என்று அவளிடம் கேட்டான்.